ஒரே பைக்குள் 64 பந்து: எஃப்.ஏ. கிண்ணத்தில் இன்னும் என்ன இருக்கு?

2025 ஜனவரி 12, ஞாயிறு மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணைமார், கோவிக்காமல் பதில் சொல்லுங்கோ. இங்கிலாந்துக் கால்பந்துச் சம்மேளனம் நடத்துற விலகல் முறைப் போட்டி, இந்த எஃப்.ஏ. கிண்ணத்தை இப்ப ஆர் கணக்கில எடுக்கினம்? பெரிய கழகங்கள் இரண்டாம் அணியை இறக்குதுகள். கடைசியில அதே அஞ்சு கழகங்கள்தான் மாறி மாறித் தூக்குதுகள். சின்னக் கழகம் பெரிய கழகத்தை அடிச்ச கதையெல்லாம் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்துக் கதை. பழைய ஆக்களின்ர ஞாபகத்திலதான் இந்தக் கிண்ணம் உயிரோட இருக்கு எண்டு நான் சொல்லுறன்.

2025 ஜனவரி 12, இரவு

தம்பி, நீர் இதைக் கேட்ட நாளைப் பாரும். இன்று மத்தியானம் டாம்வேர்த்தில் நடந்ததை நீர் பார்க்கவில்லைப் போல.

டாம்வேர்த், பிரீமியர் லீக்கை முதற் படியாக எண்ணினால், ஐந்தாம் படியில் இருக்கிற கழகம். கோல் காப்பாளர் ஜஸ் சிங் கிழமை நாட்களில் கட்டடங்களைப் பார்வையிட்டு மதிப்பிடுகிற வேலைக்குப் போகிறவர். செயற்கைப் புல், சின்ன மைதானம். கோல் வலையில் ஓட்டை என்று அதைச் சரிசெய்த பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. அங்கே பிரீமியர் லீக் கழகமான டொட்டன்ஹாம் வந்து 90 நிமிடம் ஒரு கோலும் அடிக்க முடியாமல் நின்றது. சொன், குலுசெவ்ஸ்கி, சொலங்கே என்று வாங்கிலில் இருந்த பெரிய ஆட்களை உள்ளே விட்டு, மேலதிக நேரத்தில்தான் 3-0. முதல் கோல்கூட டாம்வேர்த்தின் சொந்தக் கோல்.

போன வருட விதி என்றால் 90 நிமிடத்தோடு ஊதி முடித்திருப்பார்கள். சமநிலை என்றால் வந்த அணியின் மைதானத்தில் மறு ஆட்டம், அதாவது லண்டனில், 62,000 பேருக்கு மேல் இருக்கக்கூடிய மைதானத்தில். செலவு போக வருகிற நுழைவுச்சீட்டுக் காசில் இந்தக் கிண்ணத்தின் வழமை 45 வீதம் வீட்டுக்காரருக்கு, 45 வீதம் வந்தவருக்கு, மிச்சம் 10 பொது நிதிக்கு. அந்த 45 வீதம் டாம்வேர்த் மாதிரி ஒரு கழகத்துக்கு என்ன என்று யோசியும். 2024 ஏப்ரலில் சம்மேளனமும் பிரீமியர் லீக்கும் பேசி முடித்து, இந்தப் பருவத்திலிருந்து முதலாம் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் இல்லை என்றாக்கிவிட்டார்கள். பெரிய கழகங்களின் நாட்காட்டியில் ஐரோப்பிய ஆட்டங்கள் கூடிவிட்டன, இடமில்லை என்பது காரணம்.

கிண்ணம் செத்துவிட்டது என்றால் இன்று எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்கத் தேவையில்லை.

2025 ஜனவரி 13

டொட்டன்ஹாம் ரசிகர் ஒருவர் "டாம்வேர்த் எல்லாம் எங்களுக்கு ஒரு அணியா" என்று எழுதியிருக்கிறார். 1901இல் கிண்ணத்தை வென்றபோது டொட்டன்ஹாமே கால்பந்து லீக்கில் இல்லை, தெற்கு லீக்கில் விளையாடிய கழகம். 1888இல் லீக் தொடங்கிய பிறகு லீக்குக்கு வெளியிலிருந்து வந்து இந்தக் கிண்ணத்தைத் தூக்கிய ஒரே கழகம் இன்றுவரை அவர்கள்தான். அதுவும் எப்படி? கிறிஸ்டல் பலஸ் மைதானத்தில் ஷெஃபீல்ட் யுனைட்டட்டோடு 2-2, பிறகு போல்ட்டனில் மறு ஆட்டத்தில் 3-1.

2025 ஜனவரி 13, கொஞ்சம் பிந்தி

மறு ஆட்டக் காசு பற்றி இன்னொருவர் கேட்டதற்கு: எக்ஸெட்டர் சிற்றியைப் பாருங்கள். 2005 ஜனவரியில் அவர்கள் லீக்குக்கு வெளியே, கடனில் மூழ்கி, ரசிகர்களே பொறுப்பெடுத்து நடத்திய கழகம். ஓல்ட் டிரஃபோர்ட்டுக்குப் போய் மன்செஸ்டர் யுனைட்டட்டோடு 0-0. மறு ஆட்டத்துக்கு ரொனால்டோவும் ரூனியும் எக்ஸெட்டருக்கு வர வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு கோல் அடித்து 2-0. அந்த இரண்டு ஆட்டத்தின் வருமானம் கழகத்தைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது. கழகம் இன்றும் ரசிகர்களின் கையில்தான், இந்தப் பருவத்தில் (2024-25) மூன்றாம் படியில் விளையாடுகிறது. ஒரு கோலும் அடிக்காத ஆட்டம் ஒரு ஊர்க் கழகத்தைக் காப்பாற்றியிருக்கிறது. லீக்கில் இதற்கு வழியே கிடையாது.

2025 ஜனவரி 15

தம்பி திரும்ப எழுதியிருக்கிறீர்: "அதிர்ச்சித் தோல்விகள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அதை வைத்து ஒரு போட்டியை எப்படித் தூக்கிப் பிடிப்பது?"

சரியான கேள்வி. அதிர்ச்சித் தோல்வியை வைத்து நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எனக்கு இந்தக் கிண்ணத்தின் உயிர் குலுக்கலில் இருக்கிறது.

மூன்றாம் சுற்றில் 64 பெயர்கள். பிரீமியர் லீக் 20, இரண்டாம் படியான சம்பியன்ஷிப் 24, முந்திய சுற்றுகளில் தப்பி வந்த 20. எல்லாம் எண் போட்ட பந்துகள், எல்லாம் ஒரே பைக்குள். முதலில் கையில் வருகிற எண்ணுக்குச் சொந்த மைதானம், அடுத்த எண் அங்கே போய் விளையாட வேண்டும். அவ்வளவுதான் விதி. தரப்படுத்தல் இல்லை. ஐரோப்பியக் கிண்ணங்களின் குழு ஆட்டங்களில் 2024வரை முதல் தர அணிகளை வேறு கூடையில் போட்டு ஒன்றோடொன்று மோதாமல் காப்பாற்றினார்கள். உலகக் கிண்ணத்திலும் அப்படி. விம்பிள்டன் டெனிஸிலும் அப்படி. இங்கே சம்பியன் அணியும் வாழ்வில் முதல்முறை மூன்றாம் சுற்றுக்கு வந்த அணியும் அடுத்தடுத்த பந்து. நீர் கேள்வி போட்ட அதே ஞாயிறு ஆர்சனலும் மன்செஸ்டர் யுனைட்டட்டும் மூன்றாம் சுற்றிலேயே மோதின, ஆர்சனல் சமநிலையை முறிக்கிற தண்ட உதையில் (பெனால்டி) வெளியே போனது. இறுதி ஆட்டத்துக்கு உரிய சோடி ஜனவரியிலேயே முடிந்துபோனது. பணம் போட்டவன் அழட்டும், எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

2021 ஜனவரியில் மரீன் என்ற கழகத்துக்குக் குலுக்கலில் டொட்டன்ஹாம் எதிரணியாக வந்தது. லிவர்பூலுக்கு வடக்கே குரொஸ்பியில் இருக்கிற எட்டாம் படிக் கழகம். கிண்ணத்தின் வரலாற்றில் இவ்வளவு படி வித்தியாசத்தில் இரண்டு அணிகள் மோதியது அதுதான் முதல் தடவை. மைதானத்தை ஒட்டியே வீடுகளின் பின்வளவுகள். கொவிட் காலம், ரசிகர்களை உள்ளே விடவில்லை. சனம் பின்வளவுகளில் நின்று பார்த்தது. டொட்டன்ஹாம் பயிற்சியாளர் மொரீனியோ அந்தச் சின்னக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவே முடியாத அந்த ஆட்டத்துக்கு மரீன் பெயருக்கு ஒரு நுழைவுச்சீட்டு விற்றது, 30,000க்கு மேல் வாங்கினார்கள். முடிவு 5-0, அதிர்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தச் சனத்தைக் கேட்டுப் பாரும், தோற்ற நாள் என்றா சொல்வார்கள்?

நான் பெற்றோல் செற்றில் இரவு பகலாக நின்ற காலத்தில் கல்லாவுக்குப் பின்னால் வானொலி வைத்திருப்பேன். ஆட்டத்தை விட்டாலும் குலுக்கலை விடமாட்டேன். ஒரு எண், ஒரு பெயர், சின்ன இடைவெளி, அடுத்த எண். அந்த இடைவெளியில் எந்தக் கழகத்துக்கும் எதுவும் நடக்கலாம். பக்கத்தில் நின்று வேலை செய்த பெடியன் உதைபந்தாட்டம் பார்க்காதவன், அவனும் எட்டிக் கேட்பான்.

2025 ஜனவரி 16

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க: மைதானம் முக்கியம். 1949இல் சின்னக் கழகமான யோவில், அப்போதைய மேற்பிரிவான முதற் பிரிவிலிருந்த சண்டர்லாண்டை 2-1 என்று வென்றபோது அவர்களின் பழைய மைதானம் பக்கவாட்டில் சரிந்த தரை. தங்கள் சரிவு அவர்களுக்குத் தெரியும், வந்தவனுக்குத் தெரியாது. பந்து எங்கே உருளும் என்பது ஊர்க்காரனின் அறிவு. 2017இல் சட்டன் யுனைட்டட் லீட்ஸை 1-0 என்று வென்ற ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். எங்கள் தென் லண்டனில், வீடுகளுக்கு நடுவில் இருக்கிற மைதானம். தண்ட உதையில் அடித்த ஒரு கோல், மிச்ச நேரம் முழுக்கப் பற்களைக் கடித்துக்கொண்டு நின்ற சனம். ஒரு காலத்தில் இங்கிலாந்தையே ஆண்ட லீட்ஸ் அங்கே வந்து உடைமாற்றி விளையாடி, தோற்று, போனது. அடுத்த சுற்றில் அதே செயற்கைத் தரைக்கு ஆர்சனல் வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆட்களைக் கேளுங்கள், வேறு கிராமத்து மைதானத்தில் போய் விளையாடுவது என்றால் என்ன என்று சொல்வார்கள். இந்தக் கிண்ணத்தின் யோசனையே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. 1871இல் சம்மேளனத்தின் செயலாளராக இருந்த சார்ள்ஸ் அல்கொக், தான் படித்த ஹரோ பள்ளியின் இல்லங்களுக்கிடையிலான போட்டியைத்தான் நாடு முழுவதற்கும் விரித்தார். எங்கள் பள்ளிகளின் இல்ல விளையாட்டுப் போட்டியும் அதே பிரித்தானியப் பள்ளிக்கூட வழியில் வந்ததுதானே. முதல் வருடம் பதிந்தது 15 கழகங்கள். இப்போது 700க்கு மேல்.

2025 ஜனவரி 19

மறு ஆட்டத்துக்காக நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. "சமநிலையில் முடிந்தால் அன்றே முடிவு தெரிவதுதானே விறுவிறுப்பு?"

தங்கச்சி, இங்கிலாந்தில் இன்றைக்கும் வருடா வருடம் போட்டுக் காட்டுகிற கோல் எது? 1972 பெப்ரவரி 5, ஹெரிஃபோர்ட், ரொனி ரட்ஃபோர்ட். அது ஒரு மறு ஆட்டம்.

ஹெரிஃபோர்ட் அப்போது தெற்கு லீக். முதல் ஆட்டம் நியூகாஸிலில், 2-2. மறு ஆட்டம் மழையாலும் சேற்றாலும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. கடைசியில் எட்கர் ஸ்ட்ரீட் மைதானத்தில் விளையாடியபோது தரை முழுக்கச் சேறு. மல்கம் மக்டொனால்ட் எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகு தலையால் அடித்து நியூகாஸிலை முன்னுக்குக் கொண்டுவந்தார். முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரட்ஃபோர்ட் தச்சு வேலை செய்கிறவர். அந்தச் சேற்றில் ஒருவரோடு பந்தைக் கொடுத்து வாங்கி, தூரத்திலிருந்து அடித்தார், பந்து மேல் மூலைக்குள். மழைச் சட்டை போட்ட பெடியள் மைதானம் முழுக்க ஓடினார்கள். மேலதிக நேரத்தில் ரிக்கி ஜோர்ஜ் இரண்டாவதை அடித்தார். வர்ணனை செய்தவர் ஜோன் மொட்சன், அப்போது இளம் ஆள். நிகழ்ச்சியில் கொஞ்ச நேரம் காட்ட வைத்திருந்த ஆட்டம் அன்றிரவு முதல் ஆட்டமாக ஒளிபரப்பானது. அவரின் வாழ்க்கையும் அன்றிலிருந்து மாறியது. அந்த வருடக் கோடையிலேயே ஹெரிஃபோர்டை லீக்குக்குள் எடுத்தார்கள்.

மறு ஆட்டம் இல்லை என்றால் நியூகாஸிலில் 2-2, பிறகு மேலதிக நேரம், பிறகு தண்ட உதை. ஹெரிஃபோர்ட் வென்றுகூட இருக்கலாம். ஆனால் எட்கர் ஸ்ட்ரீட்டின் சேறும் அந்தக் கோலும் இருந்திருக்காது. மறு ஆட்டம் என்பது பெரியவன் உன் ஊருக்கு வரவேண்டிய கடன். முதல் நாள் நீ அங்கே போய்த் தாக்குப்பிடித்தால், அவன் வந்துதான் ஆகவேண்டும்.

2025 ஜனவரி 19, இன்னும் ஒன்று

விட்டுப்போனது. முந்தி மறு ஆட்டத்துக்கு எல்லையே இல்லை. 1971இல் அல்வ்சேர்ச்சும் ஒக்ஸ்ஃபோர்ட் சிற்றியும் தகுதிச் சுற்றில் ஆறு தரம் மோதினார்கள், மொத்தம் 11 மணித்தியாலம். கடைசியில் அல்வ்சேர்ச் 1-0. அடுத்த சுற்றுக்குப் போகும்போது அவர்களின் கால்கள் எந்த நிலையில் இருந்திருக்கும்! 1991-92இலிருந்து ஒரே ஒரு மறு ஆட்டம், பிறகு தண்ட உதை என்றானது. அது நியாயமான முடிவு. ஒன்றையாவது விட்டிருக்கலாம் என்பதுதான் என் வாதம்.

2025 பெப்ரவரி 9

பிளிமத் 1, லிவர்பூல் 0.

2025 பெப்ரவரி 10

நேற்றிரவு வேறெதுவும் எழுத வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பிளிமத் ஆர்கைல் சம்பியன்ஷிப்பில் கடைசி இடம். லிவர்பூல் பிரீமியர் லீக்கில் முதலிடம். ஹோம் பார்க் மைதானம். இடைவேளைக்குப் பிறகு பந்து லிவர்பூலின் எலியட்டின் கையில் பட்டது, ரயன் ஹார்டி தண்ட உதையை உள்ளே போட்டார். பிறகு எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார்கள் என்று பார்த்தீர்களா? லிவர்பூல் அடித்த ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒரு பச்சைச் சட்டை விழுந்தது.

"சலாவும் வான் டைக்கும் வரவில்லை, ஆகவே கணக்கில் வராது" என்று ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். தம்பியின் முதற் கேள்வியும் இதுதான். நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். லூயிஸ் டியாஸ், சியேசா இருவரும் விளையாடினார்கள். அந்த இரண்டாம் அணியின் பெறுமதியில் பிளிமத் மாதிரி எத்தனை கழகங்களை வாங்கலாம்? பெரிய கழகம் யாரை இறக்குவது என்பது பெரிய கழகத்தின் பிரச்சினை. அந்த முடிவுக்கு ஒரு விலை உண்டு என்பதை நேற்று லிவர்பூல் கண்டது. லீக்கில் அப்படி ஒரு நாள் சறுக்கினால் அடுத்த கிழமை திருத்திக்கொள்ளலாம். இங்கே திருத்த நாள் இல்லை.

அதற்கு முதல் நாள் லேட்டன் ஓரியன்ட்டில், மன்செஸ்டர் சிற்றிக்கு எதிராக, ஓரியன்ட்டின் டொன்லி நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து தூக்கி அடித்த பந்தையும் மறக்கவேண்டாம். குறுக்குக் கம்பத்தில் பட்டு, காப்பாளரில் பட்டு உள்ளே போனதால் ஏட்டில் அது சிற்றி காப்பாளரின் சொந்தக் கோல். ஓரியன்ட் 2-1 என்று தோற்றது. அந்த உதையை என் கண்ணில் டொன்லியின் பெயரில்தான் வைத்திருப்பேன்.

2025 மார்ச் 1

பிளிமத்துக்குக் குலுக்கலில் அடுத்த எதிரணியாக மன்செஸ்டர் சிற்றி வந்தது. இன்று அங்கே போய் முதல் கோலையும் அடித்துவிட்டார்கள், தலோவியெரோவின் தலை. முடிவு 3-1 சிற்றி. பிளிமத்திலிருந்து மன்செஸ்டர் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். அவ்வளவு சனம் போயிருந்தது.

2025 மார்ச் 16

இன்று லீக் கிண்ணம். நியூகாஸில் 2, லிவர்பூல் 1. டான் பேர்ண் தலையால், பிறகு இசாக். 1955இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற பிறகு உள்நாட்டில் அவர்கள் தூக்கிய முதற் பெரிய கிண்ணம் இது. 70 வருடம். டான் பேர்ண் அந்தப் பகுதியிலேயே பிறந்து, பெடியனாக இருந்தபோது அந்தக் கழகமே வேண்டாம் என்று விட்ட ஆள்.

அண்ணை ஒருவர் "லீக் கிண்ணம் எல்லாம் ஒரு கிண்ணமா" என்று எழுதியிருக்கிறார். அண்ணை, உங்கள் வயதுக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன். இரண்டும் ஒன்று என்றும் சொல்லமாட்டேன். 1960இல் தொடங்கியது, லீக்கில் இருக்கிற 92 கழகங்கள் மட்டும், ஐரோப்பாவில் விளையாடுகிறவர்கள் பிந்தி நுழைவார்கள், அரையிறுதி இரண்டு ஆட்டம். அதாவது பெரியவனுக்குக் கொஞ்சம் மெத்தை போட்ட கிண்ணம். அப்படியிருந்தும் 2013இல் நான்காம் படியிலிருந்த பிராட்ஃபோர்ட் சிற்றி அதன் இறுதி ஆட்டம்வரை வந்தது. நியூகாஸில் சனத்திடம் போய் இது சின்னக் கிண்ணம் என்று சொல்லிப் பாருங்கள்.

2025 மார்ச் 31

தம்பியின் "அஞ்சு கழகங்கள்" கணக்குக்கு இப்போதுதான் வருகிறேன். சரிபார்த்தேன். 1996இலிருந்து போன வருடம்வரை ஆர்சனல், செல்சி, லிவர்பூல், இரண்டு மன்செஸ்டர் தவிர்ந்து எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர்கள் மூவர்: 2008 போர்ட்ஸ்மத், 2013 விகன், 2021 லெஸ்டர். குறைவுதான், மறைக்கவில்லை. அதே காலத்தில் லீக்கை அந்த ஐவருக்கு வெளியே வென்றது ஒரே ஒரு கழகம், 2016 லெஸ்டர். 1973இலிருந்து 1980க்குள் சண்டர்லாண்ட், சவுத்தாம்டன், வெஸ்ட் ஹாம் என்று இரண்டாம் பிரிவுக் கழகங்களே மூன்று தரம் தூக்கின. 1980க்குப் பிறகு மேற்பிரிவுக்கு வெளியே இருந்து யாரும் தூக்கவில்லை. காசு எங்கே குவிந்ததோ கிண்ணமும் அங்கே போனது. இதில் நீர் சொன்னது உண்மை, எனக்கும் வலிக்கிறது.

ஆனால் விகனை எடும். இறுதி ஆட்டம் நடக்கிற தேசிய மைதானமான வெம்பிளியில் மன்செஸ்டர் சிற்றியை 90 நிமிடம் தாண்டி பென் வொட்சனின் தலையால் வென்றார்கள், மூன்று நாளில் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழுந்தார்கள். ஒரே பருவத்தில் கிண்ணமும் வென்று கீழேயும் இறங்கிய முதற் கழகம். விகன் ஆளிடம் அந்த வருடத்தை மாற்றித் தரவா, கிண்ணம் இல்லாமல் பதினேழாம் இடம் என்று கேட்டால் என்ன சொல்வான்?

இந்த வருடக் காலிறுதி முடிந்து மிஞ்சியது கிறிஸ்டல் பலஸ், அஸ்டன் வில்லா, நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட், சிற்றி. நாலில் மூன்று அந்த ஐவருக்கு வெளியே.

2025 ஏப்ரல் 26

பலஸ் 3, வில்லா 0. நான் பலஸ் மைதானம் இருக்கிற பக்கம், தோர்ன்டன் ஹீத்தில் இருக்கிறவன், என் பக்கச்சார்பை இனி ஒளிக்கமாட்டேன். வெம்பிளியில் முதலில் எஸே, பிறகு சார் இரண்டு.

எங்கள் தெருவில் ஜமேக்கா வம்சத்தவர் ஒருவர், நல்ல வயது, பல காலமாக பலஸின் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க் போகிறவர். மைதானத்தின் வைட்ஹோர்ஸ் லேன் பக்கம் செயின்ஸ்பரீஸ் கட்டுவதற்கு முந்திய காலத்துக் கதைகளும் சொல்வார். இன்று மாலை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று 1990ஐச் சொன்னார். 1989 செப்டெம்பரில் பலஸ் அன்ஃபீல்டுக்குப் போய் 9-0 என்று தோற்றது. அதே பருவத்தில் கிண்ண அரையிறுதி, அதே லிவர்பூல், வில்லா பார்க் மைதானம். பலஸின் இயன் ரைட் கால் முறிந்து வெளியே. மேலதிக நேரத்தில் பார்டியூவின் தலை, 4-3 பலஸ். ஒன்பது வாங்கியவன் ஏழு மாதத்தில் நாலு அடிக்கிறான். லீக் அட்டவணை அந்த ஒன்பதை மறக்கவிடாது. கிண்ணம் மறக்கவிட்டது.

2025 ஏப்ரல் 27

நேற்று அவர் சொன்ன இன்னொன்று இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது, மறு ஆட்டம் பற்றி நான் எழுதியதைத் தொடுகிறது.

1990 இறுதி ஆட்டம் பலஸ், மன்செஸ்டர் யுனைட்டட். கால் முறிவிலிருந்து வந்த ரைட் பதில் ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல். மேலதிக நேரத்தில் பலஸ் 3-2 முன்னிலை. முடிய ஏழு நிமிடம் இருக்க மார்க் ஹியூஸ் சமப்படுத்தினார். 3-3. மறு ஆட்டம் மே 17, வியாழக்கிழமை. இடையில் யுனைட்டட் பயிற்சியாளர் ஃபெர்குசன் யோசித்து, காப்பாளர் லேய்ட்டனை நிறுத்தி லெஸ் சீலியை இறக்கினார். லீ மார்ட்டின் அடித்த ஒரே கோல், 1-0. மன்செஸ்டரில் ஃபெர்குசனின் முதற் கிண்ணம். அதற்குப் பிறகு நடந்தது உலகத்துக்குத் தெரியும்.

அன்றைக்கே தண்ட உதை என்றிருந்தால் பலஸுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மறு ஆட்டம் பெரியவனுக்கு மூச்சுவிடவும் ஆளை மாற்றவும் நாள் கொடுத்தது. எட்கர் ஸ்ட்ரீட்டில் சின்னவனுக்குக் கிடைத்ததை வெம்பிளியில் பெரியவன் எடுத்துக்கொண்டான். ஆக என் நிலையை இப்படி ஒடுக்கிச் சொல்கிறேன்: சின்னக் கழகத்துக்கு மைதானமும் காசும் கிடைக்கிற முதல் நாலு சுற்றுக்கு மறு ஆட்டம் வேண்டும். பொது மைதானத்தில் நடக்கிற அரையிறுதிக்கும் இறுதிக்கும் அன்றே தீர்வு. 1999 அரையிறுதியின் வில்லா பார்க் மறு ஆட்டத்தில் யுனைட்டட்டின் ஷ்மைக்கல் ஆர்சனலின் பேர்காம்ப் அடித்த தண்ட உதையைத் தடுத்ததையும் கிக்ஸ் தனியாக ஓடி அடித்ததையும் நினைத்தால் இதை எழுத மனம் வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மே 17 என்ற திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வருட இறுதி ஆட்டமும் அதே நாள். எதிரணி சிற்றி.

2025 மே 17, இரவு

பலஸ் 1 சிற்றி 0. எஸே, 16ஆவது நிமிடம். சிற்றியின் மர்மூஷ் அடித்த தண்ட உதையை பலஸ் காப்பாளர் ஹென்டர்சன் தடுத்தார். 1905இல் தொடங்கிய கழகத்தின் முதற் பெரிய கிண்ணம். தெரு முழுக்கக் கார்க் குழல் சத்தம், கதைக்கக் கேட்காது. நாளை எழுதுகிறேன்.

2025 மே 18

ஹென்டர்சன் பெட்டிக்கு வெளியே கையால் தட்டியது பற்றிச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு: கை பட்டது, நானும் பார்த்தேன். காணொளி உதவி மத்தியஸ்தர் பார்த்துவிட்டு, சிற்றியின் ஹாலண்ட் கோலை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தார், தெளிவான கோல் வாய்ப்பு இல்லை என்று சிவப்பு அட்டை கொடுக்கவில்லை. சிற்றி ரசிகரின் கோபம் எனக்கு விளங்குகிறது. அதற்குப் பிறகும் அவர்களுக்கு ஒரு தண்ட உதை கிடைத்தது, அதை அதே ஹென்டர்சன் தடுத்தார்.

இந்தப் பாதையைப் பாருங்கள்: ஸ்டொக்போர்ட், டொன்காஸ்டர், மில்வோல், ஃபுல்ஹாம், வில்லா, சிற்றி. ஆறு ஆட்டத்தில் வாங்கியது ஒரே கோல், அதை அடித்தது மில்வோல். அந்த ஆட்டத்தில்தான் மில்வோல் காப்பாளரின் கால் பலஸின் மட்டேட்டாவின் தலையில் பட்டுக் காதில் 25 தையல். டொன்காஸ்டர் நான்காம் படி, அங்கே குளிரில் போய் விளையாடித்தான் வெம்பிளிக்கு வந்தார்கள்.

எங்கள் தெரு ஜமேக்காக் கிழவர் நேற்று வெம்பிளியில் இருந்தார். 1990இலும் இருந்தார், 2016 இறுதி ஆட்டத்தில் பலஸின் பஞ்சன் கோல் அடித்த பிறகும் தோற்ற அந்த நாளும் இருந்தார். இன்று காலை மதிலடியில் என்னைக் கண்டவுடன் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை, விடவும் இல்லை.

2025 ஓகஸ்ட் 12

இழை பழசாகிவிட்டது, ஆனாலும் இதை இங்கேதான் எழுதவேண்டும். கிண்ணத்தை வென்றவனுக்கு யூரோப்பா லீக் இடம். பலஸுக்கு அந்த இடம் இல்லை என்று ஐரோப்பியச் சம்மேளனம் ஜூலையில் சொன்னது, நேற்று விளையாட்டு நடுவர் மன்றமும் மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது. பலஸில் பங்கு வைத்திருந்தவருக்கு பிரான்ஸின் லியோன் கழகத்திலும் பங்கு இருந்தது, மார்ச் 1க்குள் அதைச் சரிசெய்யவில்லை என்பது காரணம். பலஸ் அதற்குக் கீழ்ப்படியான கொன்ஃபரன்ஸ் லீக்குக்கு இறங்க, இடம் ஃபொரஸ்டுக்குப் போகிறது. விதி விதிதான். ஆனால் ஆறு ஆட்டம் ஆடி வென்ற பெடியளில் எவன் அந்தப் பங்குப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தான்? லீக் சம்பியனும் கிண்ணம் வென்றவரும் மோதுகிற சமூகக் கேடயத்தில் முந்தநாள்தான் லிவர்பூலைத் தண்ட உதையில் வென்றார்கள். அடுத்த நாள் இந்தச் செய்தி.

தம்பி, உமக்கு ஒரு விஷயம். புதிய பருவத்துக் கிண்ணம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. இந்த மாதம் நடப்பது தகுதிச் சுற்றுகள், உம்முடைய பக்கத்திலும் ஏதாவது ஒரு சின்ன மைதானத்தில் இருக்கும். நுழைவுச்சீட்டு சில பவுண், வேலி ஓரமாக நின்று ஆட்டக்காரர் கத்துவதைக் கேட்கலாம். மே மாதம் வெம்பிளியில் முடிகிற அதே போட்டிதான் அது. உமக்குக் கிட்டவுள்ள கழகம் எது என்று எழுதும், சனிக்கிழமை நானும் வாறன்.